பதம்

பாயா தெருபோங்கில்
மலையை வெட்டுகிற இடத்துக்குக் கீழே
தே தாரிக் நிறத்தில் வாய்க்கால்.
நேற்றிரவு மழை.
குப்பியைக் கவிழ்த்து முழங்கை வரை இறக்கி
நடு ஓட்டத்தில் எதிர்முகமாகத் திருப்பினேன்.
கரையோரம் அள்ளினால் கரையின் கதை,
அடியைத் தொட்டால் அடியின் கதை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சோற்றுக்குச் சரி.
எல்லாப் பருக்கையும் ஒரே தீயில் வெந்தவை.
இந்தத் தண்ணீர்
ஒரு முழம் தள்ளி வேறு,
ஒரு நிமிடம் கழித்து வேறு.
அதனால் மூன்று குப்பி,
பத்துப் பத்து நிமிட இடைவெளியில்,
அட்டைகள் காலில் ஏற ஏற.

குத்தகையாளர் தரப்பில் பிரகலாதன்.
அதே இடம், அதே நேரம், அவருக்கும் ஒரு குப்பி.
அவருடைய எண் முப்பத்தெட்டு.
என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
"உங்க மிசின் பழசும்மா" என்றார்.
ரெண்டு ஆறா ஓடுது அங்கே, என்று
மலாயில் கேட்டுச் சிரித்தாள் நோரைனி.

விசாரித்தோம்.
குப்பியை மேசையில் நிறுத்திவிட்டு
கொய்தியோவ் சாப்பிடப் போயிருக்கிறார்.
நாற்பது நிமிடம்.
மணல் அவசரப்படாமல் கீழே இறங்கியிருக்கிறது.
வந்து, மேலாக ஊற்றி அளந்தார்.
பொய் சொல்லவில்லை அவர்.
பசித்தது, அவ்வளவுதான்.

ஜெயித்த சந்தோஷத்தோடு மூடியைத் திறந்தேன்.
உள்ளே என் கண்ணாடிக் குழாய்
வியர்த்திருந்தது.

ஐஸ் பெட்டியின் குளிர், பினாங்கின் காற்று.
விளக்கின் ஒளி வாய்க்காலைத் தொடும் முன்பே
அந்தப் பனியில் சிதறியிருக்கிறது.
போதாததற்கு என் கட்டைவிரல் ரேகை.
போதாததற்குக் குமிழிகள்,
குலுக்கிய வேகத்தில் நுழைந்தவை.
காற்றையும் சேறென்றே எண்ணும் இந்தக் கருவி.
ஒளி சிதறியதா என்று மட்டும் பார்க்கும்,
எதில் என்று கேட்காது.

தம்பி வீட்டு வாசலில்
போன வாரத்து மண் இன்னும் காயவில்லை.
கோபமாகக் குலுக்கினேன் என்று எழுத
குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

மறுபடி.
குப்பி அறையின் சூட்டுக்கு வரட்டும்.
தலைகீழாய், நேராய், தலைகீழாய்,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவது போல.
அதே தண்ணீரால் குழாயை இருமுறை அலசி
விளிம்பு மட்டும் பிடித்து
சிலிகான் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு,
கீறல்கள் கண்மறையும் வரை துணியால் நீவி
குழாயின் வெள்ளைக்கோடு
கருவியின் வெள்ளைக்கோட்டுக்கு நேராக.
குமிழி ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும்,
மணல் இறங்கிவிடும், காத்திருக்கவும் கூடாது.
நடுவில் கிடைப்பது
ஒரு மூச்சு.

தேற்றாங்கொட்டை உரசினால் தெளியும் இது.
தெளியவைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
என் வேலை
கலங்கலைக் கலங்கலாகவே
வீடு கொண்டு சேர்ப்பது.

நூற்று நாற்பத்தாறு.
நூற்று ஐம்பத்தொன்று.
நூற்று நாற்பத்தெட்டு.

இருநூறு இல்லை.
இருநூறு வேண்டியிருந்தது எனக்கு.

பிரகலாதனின் குப்பியையும் வாங்கி
அதே போலப் புரட்டினோம்.
நூற்று நாற்பத்து மூன்று.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
மிசின் பழசு என்றும் சொல்லவில்லை.

என் முதல் எண்ணை அழிக்கவில்லை.
படிக்கிற மாதிரி ஒற்றைக்கோடு போட்டு
பக்கத்தில் எழுதினேன்:
கண்ணாடி வியர்த்திருந்தது.

வெளியே திரும்பவும் தூறல்.
நோரைனி
காலிக் குப்பிகளை எண்ண ஆரம்பித்தாள்.